கடன் தீர்ந்த பிறகா சேமிப்பு?

கடன்பட்ட குடும்பஸ்தர் ஒருவர் யாரிடம் யோசனை கேட்கப் போனாலும், அவர் வங்கி உத்தியோகஸ்தரானாலும் சரி, கைப்பேசித் திரையில் தினந்தோறும் பொருளாதார உபதேசம் செய்கிறவரானாலும் சரி, பெண்ணைக் கொடுத்த மாமனாரானாலும் சரி, பெரும்பாலும் காதில் விழுவது ஒரே வாக்கியந்தான்: முதலில் கடனையெல்லாம் அடைத்துத் தலை நிமிருங்கள், சேமிப்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். நியாயமாகவும், ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்டதாகவும், கணக்கறிந்தவர்களின் சம்மதத்தைப் பெற்றதாகவும் தோன்றுகிற இந்த வாக்கியம், எவரும் பரீட்சித்துப் பாராத சித்தாந்தமாக நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. இதை அப்படியே சிரமேற்கொண்டு நடப்பவர்களில் பலர் ஒரு கடனிலிருந்து இறங்கி மறு கடனில் ஏறிக்கொண்டே இருப்பதற்கு, அவர்களுடைய ஊதாரித்தனத்தைக் காட்டிலும் இந்த உபதேசத்தையே நான் அதிகம் குறை கூறுவேன்.

இந்த வாதத்தினர் முதலில் எடுத்து வைப்பது வட்டிக் கணக்கு. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை ரூபாயோ 4 ரூபாயோ பெற்றுக்கொண்டு, கடனுக்கு அதைப்போலப் பன்மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருவர் சேமிக்கவும் முற்படுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்குச் சமானம் என்பார்கள். கிரெடிட் கார்டு விஷயத்தில் இது உண்மை. அங்கே அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்று அடக்கமாகச் சொல்லப்படுவது ஆண்டுக்கு 42 சதவீதமாகிறது. ஒரு லட்ச ரூபாய் பாக்கி வைத்திருப்பவர் மாதந்தோறும் 3,500 ரூபாயை வட்டிக்கென்றே இழக்கிறார். போதாக்குறைக்கு, பழைய பாக்கி நிற்கும்வரையில், புதிதாக அந்தக் கார்டைக் காட்டி வாங்கும் அரிசி பருப்புக்கும் வட்டியில்லாத நாள் என்ற சலுகை பறிபோய், வாங்கிய தினத்திலிருந்தே வட்டி ஏறத் தொடங்குகிறது. இப்படியொரு பாக்கியை வைத்துக்கொண்டே நகைக்கடையில் மாதச் சீட்டும் கட்டி வருகிறவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. திடீர்ச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் அந்தப் பாக்கியில் கட்டித் தீர்ப்பதே விவேகம்.

ஆனால் கார்டுக்குப் பொருந்துகிற கணக்கை எல்லாக் கடனுக்கும் பொதுவாக்குகிறார்களே, அங்கேதான் தவறு புகுந்துவிடுகிறது. நம் ஊர்ச் சந்தைகளில் நடக்கிற தண்டலை எடுத்துக்கொள்வோம். காய்கறிக் கூடை வைத்து வியாபாரம் செய்கிற ஓர் அம்மாள் 10,000 ரூபாய் தண்டல் வாங்கினால், தண்டல்காரர் முன்கூட்டியே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார். அவள் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுவாள். இதுதான் பல இடங்களில் வழங்குகிற ஏற்பாடு. 8,500 ரூபாய்க்கு 1,500 வட்டி என்றால் ஏதோ 17, 18 சதவீதம் என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது, தவணையோ வெறும் நூறு நாள், இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 120 வீதம் போய் நிற்கிறது. அப்படியானால் இதைத்தானே எல்லாவற்றுக்கும் முன்னே, ஒரு பைசாவும் ஒதுக்கிவைக்காமல், அவசர அவசரமாக அடைக்க வேண்டும்? உபதேசிகள் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் அந்த அம்மாள் நாற்பதாம் நாளிலேயே மிச்சத் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், தண்டல்காரர் பிடித்துக்கொண்ட 1,500 ரூபாயில் ஒரு ரூபாயும் திருப்பித் தரும் வழக்கம் பொதுவாக இல்லை. வட்டி முதல் நாளே போய்விட்டது. முந்தி அடைப்பதால் அவளுக்குக் கிடைக்கிற லாபம் சூனியம்; கையிருப்பு முழுவதும் கரைந்து, அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதே தண்டல்காரரிடம் மறுபடியும் நிற்க வேண்டியதொன்றே அவள் கண்ட பலன்.

இங்கே வட்டி கடனுக்குள் இல்லை. அடுத்த கடனுக்குள் இருக்கிறது. தண்டல் வாங்கிப் பழகியவர்கள் ஆண்டில் மூன்று அல்லது நான்கு சுற்று வாங்குகிறார்கள். மூன்றரைச் சுற்று என்று வைத்தாலும், ஒருபோதும் 8,500 ரூபாய்க்கு மேல் கையில் வாங்காத ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5,250 ரூபாயை வட்டியாக அழுதுவிடுகிறது. அந்த அம்மாள் தண்டலை அதன் கிரமப்படி, நாளுக்கு நூறாகவே கட்டிக்கொண்டு, அதோடு 20 ரூபாயைத் தனியே எடுத்துவைக்க முடிந்தால், ஓராண்டில் 7,300 ரூபாய் சேருகிறது. தண்டல்காரர் கையில் கொடுக்கிற தொகைக்கு அது வெகு அருகில் வந்துவிடுகிறது. நூறு நாள் முடிந்த மறுநாள் முதல் அந்த நூறு ரூபாயையும் தன் பெட்டியிலேயே போட்டு வருவாளாகில், நான்கு மாதத்துக்குள் அவளே தனக்குத் தண்டல்காரியாகிவிடலாம். நூற்றுக்கு 120 வட்டியிலிருந்து அவளை மீட்பது சேமிப்பேயன்றி முன்னதாக அடைப்பது அன்று. வட்டிவீதத்தை மட்டும் பார்த்து வரிசை போடுகிறவர்கள் கண்ணுக்கு இது புலப்படாததற்குக் காரணம், அவர்கள் கடன்களை ஒரு நாளின் நிலவரமாகப் பார்க்கிறார்களே தவிர, ஒரு குடும்பத்தின் ஐந்தாறு வருஷச் சரித்திரமாகப் பார்ப்பதில்லை என்பதுதான்.

வங்கி நகைக்கடன் போன்ற மிதமான கடனிலும் இதே நியாயம் செல்லும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நகையை வைத்திருக்கும் ஒருவர், கையில் உள்ள 10,000 ரூபாயைக் கடனில் கட்டாமல் வங்கிக் கணக்கில் வைத்திருந்தால், வருகிற வட்டி போக ஆண்டுக்கு ஏறத்தாழ 700 ரூபாய் நஷ்டப்படுகிறார். மெய்தான். ஆனால் அதைக் கட்டிவிட்டால் நகை வீட்டுக்கு வந்துவிடுகிறதா? பெரும்பாலும் முழுப் பாக்கியும் தீர்ந்தாலன்றி வருவதில்லை. இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும்போது, அந்த 700 ரூபாயை மிச்சப்படுத்திய புத்திசாலி, 1,500 ரூபாய் வட்டி பிடிக்கிற தண்டலுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவராகிறார்.

அடுத்த வாதம், கடன் என்றால் கடன்தான், அதில் நல்லது கெட்டது என்ன என்பது. இதைச் சொல்லுகிறவர்களில் அநேகர் வீட்டுக்கடன் வாங்கியவர்கள்! இருபது வருஷத் தவணைக்கு முப்பத்தைந்து வயதில் வீட்டுக்கடன் வாங்கியவர், கடன் தீர்ந்த பிறகே சேமிக்க வேண்டுமென்றால், தம் ஐம்பத்தைந்தாவது வயதில்தான் முதல் ரூபாயை எடுத்துவைக்க வேண்டும். பொது வருங்கால வைப்பு நிதியில் 2020 முதல் இருந்து வருகிற 7.1 சதவீத வட்டி அப்படியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,000 ரூபாய் போடுகிறவருக்கு இருபது வருஷத்தில் ஏறத்தாழ 5 லட்ச ரூபாய் சேருகிறது. அவர் போட்டது 2 லட்சத்து 40,000 ரூபாய்தான். அந்தப் பணத்தை வீட்டுக்கடனில் கட்டியிருந்தால் வட்டியில் சற்றே அதிக லாபம் கிடைத்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்னதாக அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே தடுத்துவிட்டபடியால், போனஸ் வருகிற வருஷங்களில் அதையும் செய்யலாம். ஆனால் செங்கல்லில் போட்ட பணத்தை வேலை போன மாதத்தில் பெயர்த்தெடுத்து மளிகை வாங்க முடியாது. சர்க்காருடைய சட்டமே இந்த உபதேசத்தை ஏற்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது: 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கென்று சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்படும்போது, உமக்குக் கடன் உண்டா, தீர்ந்துவிட்டதா என்று எவரும் விசாரிப்பதில்லை. இந்த உபதேசத்தில் உண்மையான நம்பிக்கை உள்ளவர்கள், கடன்பட்ட தொழிலாளிக்குப் பி.எஃப். பிடிக்கலாகாது என்று கிளர்ச்சி செய்திருக்க வேண்டும். ஒருவரும் செய்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக, கடன் தீர்ந்துவிட்டால் சேமிப்புப் பழக்கம் தானே வந்துவிடும், அதுவரையில் கட்டி வந்த தவணையே சேமிப்பாக மாறிவிடும் என்கிறார்கள். மனித சுபாவத்தை அறிந்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் தவணை முடிந்த மாதம் கையில் 3,000 ரூபாய் மிஞ்சுகிறது என்ற சமாசாரம், அதை அனுபவிப்பவருக்கு எட்டுவதற்கு முன்பே கடன் கொடுக்கும் கம்பெனிக்கு எட்டிவிடுகிறது. நன்றாகத் தவணை கட்டியவர் என்ற நற்சாட்சியோடு புதிய கடன் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறது. ஐந்து வருஷம் கடன் கட்டியதால் அவருக்குப் படிந்த பழக்கம், பிறர் கேட்கும்போது கொடுப்பதேயன்றித் தாமாக எடுத்துவைப்பதன்று.

இதற்கு நேர்மாறான சாட்சியம் நம் நாட்டிலேயே உள்ளது. தர்மபுரி மாவட்டத்தில் 1989-இல் சர்வதேச நிதியுதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் சேர்ந்த பெண்கள் கடனற்றவர்களா? வட்டிக்காரரின் பிடியிலிருந்து விடுபட வேண்டியே பலரும் வந்தார்கள். அவர்களிடம் யாரும் முதலில் கடனை அடைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. வாரந்தோறும் சிறு தொகையாவது சேமியுங்கள், சேர்ந்ததை உங்களுக்குள்ளேயே உள்கடனாகக் கொடுத்து வாங்குங்கள், என்றார்கள். 1992-இல் நபார்டு வங்கி இந்தக் குழுக்களை வங்கிகளோடு இணைக்க முற்பட்டபோதும், ஆறு மாதமாவது ஒழுங்காகச் சேமித்து நடந்த குழுவுக்கே வங்கிக் கடன் என்ற முறை வகுக்கப்பட்டது. சேமிப்பு கடனுக்கு வாலாக அல்ல, தலையாக வைக்கப்பட்டது. பிற்காலத்தில் சேமிப்பைக் கேளாமல் வாரத் தவணையை மட்டும் கேட்கிற குழுக்கடன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு வந்தபின், ஒரு கம்பெனிக்குக் கட்ட மற்றொரு கம்பெனியில் வாங்குவது எப்படிப் பரவிற்று என்பதைக் கிராமத்துப் பெண்கள் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

உத்தியோகஸ்தர்களுக்கும் இது புதிதன்று. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களில், சம்பளப் பட்டியலில் கடன் தவணையும் சிக்கன வைப்பும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்துப் பிடிக்கப்படுகின்றன. கடன் முடியும்வரை சிக்கன வைப்பை நிறுத்திவைப்போம் என்று எந்தச் சங்கமும் சொல்லுவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற நாளில் பலருக்குக் கையில் மொத்தமாகக் கிடைப்பதில், அந்த மறந்துபோன வைப்பும் ஒரு பங்கு. 1890-களில் சென்னை ராஜதானிக்காகக் கூட்டுறவுக் கடன் முறையை ஆராய்ந்து பெரிய அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் முதல், 1904-இல் திரூரில் முதல் கடன் சங்கம் கண்டவர்கள்வரை, கடனையும் சிக்கனத்தையும் பிரித்துப் பேசியவர்கள் அபூர்வம். பிரித்தது நம் காலத்துப் புத்திசாலித்தனம்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், அது கொஞ்சம் வலுவுள்ளது: கையில் பணம் இருந்தால் செலவாகிவிடும், கடனில் கட்டிவிட்டால் பத்திரம். கைப்பேசியைத் தொட்டால் போய்விடுகிற கணக்கில் வைத்த பணத்துக்கு இது பொருந்தும். ஆகவே இடத்தை மாற்ற வேண்டுமே தவிரச் சேமிப்பை விட்டுவிட வேண்டியதில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். மூன்று வருஷத்துக்கு முன் கணக்கை முடிக்க இயலாது. ஆனால் பன்னிரண்டு தவணை கட்டியபின், போட்டதில் பாதிவரை அவசரத்துக்குக் கடனாகப் பெறலாம். ஏலச்சீட்டும் சிலருக்கு இப்படி உதவியிருக்கிறது. ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில் கசர் என்கிற தள்ளுபடிப் பங்கைக் கண்டு மயங்குவது, சேமிப்பையும் கடனையும் ஒருங்கே தொலைக்கும் வழி. நகையாகச் சேமிப்பதைப் பற்றி எனக்கு அதிக உற்சாகமில்லை: செய்கூலி சேதாரம் கொடுத்து வாங்கியதை அடகுவைக்கும்போது தங்கத்தின் மதிப்புக்கு மட்டுமே, அதிலும் ஒரு பகுதிக்கு மட்டுமே, கடன் கிடைக்கிறது.

இவ்வளவும் மாத முடிவில் ஏதேனும் மிஞ்சுகிறவர்களுக்கு. ஒன்றுமே மிஞ்சாதவரிடம் அடை என்பதும் சேமி என்பதும் ஒன்றுபோலவே வீண். அவருக்கு முதலில் வேண்டியது வட்டியை மாற்றுவது. கல்யாணத்துக்கென்று பெட்டியில் நகையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று கூசி, வெளியே 40,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிற குடும்பங்கள் நம்மிடையே அநேகம். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் மாதம் 2,000 ரூபாய் வட்டி. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலிய கொடுவட்டிகளைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பது வேறு விஷயம். புகார் கொடுக்கத் துணியாதவர்கூட அந்த நகையைக் கூட்டுறவு வங்கியில் 10 சதவீதத்துக்கு வைத்து அந்தக் கடனைத் தீர்த்துவிட்டால், மாத வட்டி 333 ரூபாயாக இறங்குகிறது. மீந்த 1,667 ரூபாயில் 1,500-ஐ நகைக்கடனின் அசலிலும், 160-ஐ அஞ்சலகத்திலும் அதே மாதத்திலிருந்து கட்டத் தொடங்கலாம்.