பூங்காவிற்குள் துப்பாக்கி: சட்டம் சொல்வதும் வீட்டில் சொல்லப்படாததும்

கோடை பிறந்ததும் ரொறன்ரோவின் பூங்காக்கள் பல தமிழ்ப் பூங்காக்களாகி விடுகின்றன. மோர்ணிங்சைட், தொம்சன், மில்லிக்கன் என எங்கு சென்றாலும் ஏதோவொரு ஊரின் அல்லது கல்லூரியின் பழைய மாணவர் ஒன்றுகூடல் நடந்துகொண்டிருக்கும். ஒருபுறம் கொத்துரொட்டி, மறுபுறம் கயிறிழுத்தலும் தலையணைச் சண்டையும். 25 பேருக்கு மேற்பட்டோர் கூடுவதாயின் மாநகரசபையிடம் அனுமதி பெறவேண்டும் என்பதை ஏற்பாட்டாளர்கள் அறிவர். மது, நெருப்பு, ஒலிபெருக்கி ஆகியவை பற்றிய விதிகளையும் அவர்கள் கவனமாகவே வாசிக்கின்றனர். ஆயுதங்கள் பற்றிய விதியை மட்டும் எவரும் வாசிப்பதில்லை. அது தங்களுக்கு உரியதல்ல என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறானது.

ரொறன்ரோ மாநகரசபைச் சட்டக்கோவையின் 608ஆம் அத்தியாயம் பூங்காக்களைப் பற்றியது. அனுமதியின்றிப் பூங்காவினுள் துப்பாக்கியை வைத்திருப்பதையே அது தடைசெய்கிறது. சுட்டால்தான் குற்றம் என்பதல்ல. காற்றுத் துப்பாக்கியும் வில் அம்பும் அதே தடைக்குள் அடங்குகின்றன. வேட்டைக்காரருக்கும் குற்றக்குழுக்களுக்கும் மட்டுமே உரியதென்று கருதப்படும் இவ்விதி, பிறந்தநாளுக்குக் கிடைத்த காற்றுத் துப்பாக்கியைப் புதருக்கு அருகே நண்பர்களுக்குக் காட்டும் பதின்ம வயதுச் சிறுவனையும் தொடுகின்றது.

ஈழத்திலிருந்து வந்த பெற்றோருக்குத் துப்பாக்கி புதியதல்ல. சோதனைச் சாவடியிலும் பாடசாலை வாசலிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் அதைக் கண்டு வளர்ந்த தலைமுறை அது. துப்பாக்கி கண்ணிற் படாத ஒரு நாட்டிற்கு வந்துசேர்ந்ததே பெரும் நிம்மதி என்று பலர் கூறுவதுண்டு. அந்த நிம்மதியே, பிள்ளைகளுடன் இது குறித்துப் பேசாதிருப்பதற்கும் காரணமாகிவிட்டது. 1990களின் பிற்பகுதியில் ஸ்காபரோவில் தமிழ் இளைஞர் குழுக்களிடையே நிகழ்ந்த துப்பாக்கி வன்முறையையும், 1997 டிசம்பரில் எக்குழுவையும் சேராத தமிழ் மாணவர் ஒருவர் டோனட் கடையொன்றிற் சுட்டுக்கொல்லப்பட்டதையும் இன்றைய இளையோரில் எத்தனை பேர் அறிவர்? அக்காலத்திலேயே தமிழ் இளையோர் தாமாகவே அமைப்புகளை உருவாக்கி வன்முறைக்கு எதிராகப் பணியாற்றத் தொடங்கினர். அந்த வரலாறும் வீடுகளிற் பேசப்படுவதில்லை.

கனடாவிலே ஆயுதம் ஏந்துவது அரசியலமைப்பு உரிமை அன்று. அமெரிக்கரைப் போலன்றிக் கனடியருக்கு அத்தகைய உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1993இல் ஹசெல்வான்டர் வழக்கில் வெளிப்படையாகவே கூறியது. அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு தீர்ப்பு, காட்டிலிருந்து நகருக்குத் திரும்பும் ஒருவரைப் பற்றியது என்பதால் இங்கு விரிவாக நோக்கத்தக்கது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரங்கள் அடர்ந்த ஒரு பகுதியிற் குறிபார்த்துச் சுட்டுப் பழகிய ஒருவர், தமது .22 ரகத் துப்பாக்கியை மேலங்கியிற் சுற்றிக்கொண்டு ஸ்கைட்ரெயின் தொடருந்தில் ஏறினார். அவர் எவரையும் அச்சுறுத்தியதாகக் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் மறைத்து ஆயுதம் கொண்டுசென்ற குற்றத்திற்கான அவரது தண்டனைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கத்தியைப் போன்றதன்று துப்பாக்கி. கத்திக்கு வீட்டிலும் தொழிலிலும் வேறு பயன்கள் உண்டு, துப்பாக்கியோ கொல்லவும் காயப்படுத்தவும் என்றே ஆக்கப்பட்டது, ஆகவே அது எப்போதும் ஆயுதமே என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். விதிகளின்படி உரிய உறையில் இட்டுக் கொண்டுசெல்பவரை இக்குற்றம் பற்றாது என்பதையும் நீதிபதி கோரி தமது தீர்ப்பிற் சுட்டிக்காட்டினார். நோக்கம் எதுவாயினும், கொண்டுசெல்லும் முறையே ஒருவரைக் குற்றவாளியாக்கக்கூடும் என்பதுதான் இத்தீர்ப்பிலிருந்து பெறப்படுவது.

மாநகர எல்லையைத் தாண்டினால் விதிகள் மாறுகின்றனவே தவிர இல்லாமற் போவதில்லை. தேசியப் பூங்காக்களில் துப்பாக்கியை ரவை நீக்கி, உறையிலிட்டு அல்லது வாகனத்தின் பின்பெட்டியிற் பூட்டிக் கடந்துசெல்லலாம். ஏந்தி நடக்க இயலாது. ஸ்காபரோ, மார்க்கம் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக அருகிலுள்ள றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் பெருவெளியில், வேட்டைக்கு இடமில்லை. மாகாணப் பூங்காக்களிலும் பொதுவிதி தடையே. வேட்டை அனுமதிக்கப்பட்ட சில பூங்காப் பகுதிகளும் பருவங்களும் விதிவிலக்கு. அரச காட்டுநிலங்களில் நிலைமை வேறு. இலையுதிர் காலத்தில் அல்கொன்குயினுக்கு அப்பாலுள்ள காடுகளில் மான் வேட்டைக்காரர் செம்மஞ்சள் மேலாடையுடன் துப்பாக்கி ஏந்தி நடப்பது முற்றிலும் சட்டபூர்வமானது. உரிமமும் வேட்டைப் பயிற்சியும் உடைய அவர்களைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மாறாக, நிறம் மாறிய இலைகளைப் பார்க்கச் செல்லும் குடும்பங்கள் அக்காலத்திற் பளிச்சிடும் நிற ஆடை அணிவது நன்று. சூரியன் மறைந்து அரைமணி நேரத்தின் பின் அந்த வேட்டைக்காரரும் ரவையை நீக்கித் துப்பாக்கியை உறையிலிட வேண்டும் என்கிறது ஒன்ராறியோச் சட்டம்.

கரடிக்குப் பயந்து எதையாவது கொண்டுசெல்லலாமா என்ற கேள்வியும் முகாமிடச் செல்வோரிடையே அடிக்கடி எழுகின்றது. கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பான் காட்டில் அனுமதிக்கப்பட்டது. அதையே ரொறன்ரோ திரும்பியதும் ‘பாதுகாப்பிற்காக’ மகளின் கைப்பையில் வைத்துவிடுவது வேறு விடயம். மனிதர்மீது பயன்படுத்தும் எண்ணத்துடன் கொண்டுசென்றால் அது ஆயுதமாகிவிடும்.

பெற்றோர் மிகுந்த கவனம் செலுத்தவேண்டியது போலித் துப்பாக்கிகளின் விடயத்தில்தான். நொடிக்கு 152.4 மீற்றர் வேகத்தையும் 5.7 ஜூல் ஆற்றலையும் மீறாத காற்றுத் துப்பாக்கியை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். உரிமம் தேவையில்லை என்றால் விளையாட்டுப் பொருள்தானே என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் அதை ஏந்திக் குற்றம் புரிந்தாலோ அலட்சியமாகக் கையாண்டாலோ குற்றவியற் சட்டம் அதையும் துப்பாக்கியாகவே நோக்கும். உண்மைத் துப்பாக்கியை அச்சொட்டாக ஒத்து, காயம் விளைவிக்கும் வலுவும் இல்லாதவை ‘போலி’ என்ற வகையில் முற்றாகத் தடைசெய்யப்பட்டவை. எயார்சொஃப்ட் துப்பாக்கிகளையும் தடைசெய்யும் பிரிவொன்று சி-21 சட்டமூலத்தில் முதலில் இருந்தது. விளையாட்டு ஆர்வலரின் எதிர்ப்பையடுத்து 2023இல் அது கைவிடப்பட்டது.

சட்டம் ஒருபுறமிருக்க, தொலைவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஜூலும் மீற்றரும் தெரிவதில்லை. 2022 மே 26 அன்று ஸ்காபரோவின் போர்ட் யூனியன் பகுதியில், பாடசாலைகளுக்கு அருகே ஒருவர் துப்பாக்கியுடன் நடந்துசெல்வதாகக் காவல்துறைக்கு அழைப்பு வந்தது. ரெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டியில் பாடசாலைப் படுகொலை நடந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. பாடசாலைகள் கதவடைத்தன. அந்த இளைஞர் காவல்துறையினராற் சுடப்பட்டு இறந்தார். அவரிடம் இருந்தது காற்றுத் துப்பாக்கி என்பது பின்னர் தெரியவந்தது. காவல்துறையினர்மீது குற்றம் சாட்டுவதற்கு ஆதாரம் இல்லை என ஒன்ராறியோவின் சிறப்பு விசாரணைப் பிரிவு முடிவுசெய்தது.

ஈரி ஏரியின் அக்கரையிலுள்ள கிளீவ்லாந்தில் 2014 நவம்பரில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. பூங்காவொன்றில் எயார்சொஃப்ட் துப்பாக்கியுடன் நின்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவனை, வந்திறங்கிய சில நொடிகளிலேயே காவல் அதிகாரி சுட்டார். அது போலியாக இருக்கலாம், சிறுவனாக இருக்கலாம் என்று அழைத்தவர் சொன்னது அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. வளர்ந்தவர்கள் வெளிப்படையாகவே துப்பாக்கி கொண்டுசெல்ல உரிமையுள்ள மாநிலம் ஒஹையோ. அந்த உரிமை அச்சிறுவனுக்கு எவ்வகையிலும் உதவவில்லை. காவல்துறையினர் நிறம் பார்த்துத் தீர்மானிக்கின்றனர் என்ற குற்றச்சாட்டு ரொறன்ரோவிலும் நெடுங்காலமாக உள்ளது. பழுப்புநிறப் பிள்ளைகளின் பெற்றோர் அதைக் கறுப்பின மக்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட இயலாது.

எல்லை தாண்டிச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் அறியவேண்டிய வேறுபாடு ஒன்றும் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் முன்னர் துப்பாக்கியை ரவை நீக்கிக் கட்டி வைக்கவே வேண்டியிருந்தது. கடனட்டைகள் பற்றிய சட்டமூலமொன்றில் இணைக்கப்பட்ட திருத்தத்தின் மூலம் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் விநோதங்களில் இதுவும் ஒன்று) 2010 பெப்ரவரி 22 முதல் அவ்விதி மாறியது. அந்தந்த மாநிலச் சட்டம் இடமளித்தால் ரவை நிரப்பிய துப்பாக்கியுடனேயே அங்கு உலாவலாம். நியூயோர்க் மாநிலமோ 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றினால் தன் பழைய உரிமச் சட்டத்தை இழந்ததும், பொதுப் பூங்காக்களைத் துப்பாக்கி கொண்டுசெல்லலாகாத இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. அதனை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன.

நேர்மையான துப்பாக்கி உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதால் குற்றவாளிகள் திருந்துவதில்லை என்ற வாதம் கனடாவிலும் ஒலிக்கின்றது. ரொறன்ரோவின் குற்றங்களிற் பயன்படும் கைத்துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை எல்லை தாண்டிக் கடத்தப்பட்டவை என்பதால் அதில் உண்மை இல்லாமலில்லை. 2022 ஒக்டோபரில் வந்த கைத்துப்பாக்கி விற்பனைத் தடை அந்தக் கடத்தலை நிறுத்திவிடவில்லை. ஆனால் பூங்கா விதியின் பயன் வேறு. எவரும் துப்பாக்கி ஏந்தி வரக்கூடாத இடத்தில், துப்பாக்கி தென்பட்டால் உடனே உதவி கேட்கலாம். ஏந்தியவர் உரிமையுள்ளவரா கொலைகாரரா என்று ஊகித்துக்கொண்டு தாய் ஒருத்தி ஊஞ்சலருகே நிற்க வேண்டியதில்லை. 2012 ஜூலையில் ஸ்காபரோ டான்சிக் வீதியின் கோடை விருந்தொன்றில் இருவர் கொல்லப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததை நினைவிற் கொண்டோருக்கு இதன் பெறுமதி விளங்கும்.

குடியுரிமை பெறாத பிள்ளைகளின் நிலை தனியே கருதத்தக்கது. ஆபத்து விளைவிக்கும் நோக்குடன் ஆயுதம் வைத்திருத்தல் 10 ஆண்டுவரை சிறை விதிக்கத்தக்க குற்றம். 18 வயதைத் தாண்டிய நிரந்தர வதிவாளர் ஒருவருக்கு அத்தகைய குற்றம் நிரூபிக்கப்பட்டால், கிடைத்த தண்டனை சிறிதாயினும் நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் மேன்முறையீட்டு உரிமையும் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இல்லை. பெற்றோர் குடியுரிமை பெற்றிருந்தும் பிள்ளையின் விண்ணப்பம் ‘பிறகு பார்ப்போம்’ என்று விடப்பட்ட வீடுகள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

பூங்கா அனுமதி பெறும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒன்றுகூடல் அழைப்பிதழிலேயே இவ்விதியை ஒரு வரியிற் சேர்த்துவிடலாம். தவறாக நிறுத்தப்பட்ட வாகனங்களின் இலக்கத்தை அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு நிமிடம் போதும். காற்றுத் துப்பாக்கி ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்ட வீடுகளில், அது மூடிய உறையில், வாகனத்தின் பின்பெட்டியில், சுடுபயிற்சி நிலையத்திற்கு மட்டுமே, பெரியவர் ஒருவருடன் செல்லட்டும். ஒன்றுகூடலுக்குப் புறப்படும் காலையில் அந்தப் பின்பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அதன்பின் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஏற்றலாம்.