ஊசிக்கு முன்னே தண்ணீர்

வாட்டர் ஜெட் ஊசியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் ரூம்மேட், "வலிக்காத ஊசியா? எனக்கு ஒண்ணு சொல்லி வை!" என்றான். அங்கேதான் தப்பு பண்ணுகிறோம், நண்பர்களே! கையில் போடுகிற சாதாரண ஊசிக்கு இது தேவையே இல்லை என்பது என் கட்சி.

தேவைப்படுவது, உடம்புக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியிலிருந்து பயாப்சிக்குச் சதை எடுக்கும் நீள ஊசிக்கு. காயம் குறையட்டும் என்று ஊசியை மெலிதாக்கினால், தள்ளும்போது வளைகிறது. நாம் மாய்ந்து மாய்ந்து மனப்பாடம் செய்த ஆய்லர் ஃபார்முலாதான்! தண்டின் விட்டம் பாதியானால், வளையாமல் தாங்கும் பளு பதினாறில் ஒரு பங்கு. சரி, பலமாகத் தள்ளலாமே என்றால், சதை அமுங்கி, குறிவைத்த கட்டியே நகர்ந்துவிடுகிறது. அப்புறம் என்ன, மறுபடி குத்த வேண்டியதுதான். படுத்திருப்பவர் நம் அம்மாவாக இருந்தால் அந்த 'மறுபடி' எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். நிட்டினால் குழாயின் நுனியிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பாய்கிறது. தண்ணீர் முதலில் வெட்டுகிறது. அந்த வெட்டுக்குள் ஊசி பின்னாலேயே போகிறது. நுனி வெட்டவேண்டிய வேலை மிச்சம். ஆனால் ஊசியின் பக்கவாட்டு உராய்வு தனிக் கணக்கு. ஆழம் கூடக்கூட அதுவும் கூடும். இதையெல்லாம் அவர்கள் சோதித்தது சதை போன்ற செயற்கைப் பொருளில்.

ஆபரேஷனுக்குத் தண்ணீர் புதிதல்ல. 1982-லேயே கல்லீரலை நீர்த்தாரையால் வெட்டியிருக்கிறார்கள். இரும்பு வெட்ட 4000 பார் வரை போகிறோமே, கல்லீரலுக்குச் சுமார் 30 முதல் 50 பார் போதும். மெத்தென்ற சதை அறுபடும், ரத்தக்குழாய் தப்பிக்கும். எனக்கு இதில் பிடித்ததே இந்த நிதானம்தான். ஆனால் பயாப்சி ஊசியில் பீய்ச்சிய தண்ணீர் வெளியேறவும் வழி வைக்க வேண்டும். எடுக்கவேண்டிய செல்களையே கழுவிக்கொண்டு போனால் யாருக்கு லாபம்?

இதெல்லாம் டாக்டர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்குவதுதான் எனக்குக் கோபம். விசை, உராய்வு, அழுத்தம், நாசில்... இதில் எது நம் சிலபஸில் இல்லை? வருஷா வருஷம் அதே ஸ்க்ரூ ஜாக்கைப் பெயிண்ட் மாற்றி ப்ராஜெக்ட் என்று வைக்கிறோம். ஜெலட்டின் கட்டியில் தண்ணீரோடும் தண்ணீர் இல்லாமலும் ஊசியை இறக்கி, விசையை அளந்து பார்ப்போமே! ஜெலட்டின் செலவு என்னுடையது. லேப் அட்டெண்டரிடம் ஸ்பிரிங் பேலன்ஸ் கேட்டு வாங்கத்தான் ஒரு தைரியசாலி வேண்டும்.