எந்திரம் யாரிடம் பாடம் கேட்டது?

டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பினாங்குப் பொது மருத்துவமனை தொலைவில் இல்லை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ள அங்குச் செல்வோருள் நம்மவரும் உளர். "இனி அச்சமில்லை, எம்மருந்தோடு எம்மருந்தைச் சேர்ப்பது என்பதைக் கணினியே கூறிவிடும்" என்று மேடைதோறும் முழங்குவோர் பெருகிவிட்டனர். கைதட்டுமுன் ஒன்று கேட்போம்: அக்கணினி யாரிடம் பாடம் கேட்டது?

மருந்துகளைக் கூட்டித் தருவது புதிதன்று. 1960களிலேயே அமெரிக்க மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு நான்கு மருந்துகளை ஒருங்கே தந்தனர். அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணிச் செடி தந்தது. ஒன்றுக்குத் தப்பிய புற்றணு மற்றொன்றுக்குத் தப்பாது என்பதே கருத்து. ஆயின், நூறு மருந்துகளை இரண்டிரண்டாக இணைத்தால் 4,950 இணைகள் பிறக்கும். அத்தனையும் நோயாளியிடம் சோதிக்க இயலுமா? ஆகவே எந்திரக் கற்றல் தேவையே. அதனை நாம் மறுக்கவில்லை. அதன் பெயரால் கூறப்படும் மிகையையே மறுக்கிறோம். கணினி கூறுவது தீர்ப்பன்று. எதனை முதலில் சோதிக்கலாம் என்னும் பரிந்துரையே.

2018இல் வெளிவந்த டீப்சினர்ஜி என்னும் முறை, 38 மருந்துகளையும் 39 உயிரணு வரிசைகளையும் கொண்டு பயின்றது. உயிரணு வரிசை என்பது நோயாளியிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படுவது. அறிந்த மருந்துகளின் புதிய இணைகளை அம்முறை நன்கு கணித்தது. அறியாத மருந்தையோ உயிரணுவையோ முன்வைத்தபோது அதன் திறன் குன்றியது. பழைய வினாத்தாள்களை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனை அறியாத ஆசிரியர் உண்டோ?

உலக ஆய்வகங்களில் வழங்கும் புற்றணு வரிசைகளுள் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினருடையவை; தெற்காசியருடையவை மிகச் சிலவே. மலேசியாவிலோ, வாய்ப்புற்று இந்தியரை, அதிலும் பெண்களை, ஏனைய இனத்தவரினும் மிகுதியாகத் தாக்குகிறது. வெற்றிலையோடு புகையிலையும் மென்ற தோட்டத்துப் பாட்டிமாரின் நோய் அது. அவர்தம் நோயைப் பயிலாத கணினியின் சொல்லை அவர்களுக்கு எங்ஙனம் நம்பித் தருவது?

வழி இல்லாமலில்லை. 2001இல் தோன்றிய கேன்சர் ரிசர்ச் மலேசியா, நம் நாட்டு நோயாளிகளின் வாய்ப்புற்றிலிருந்தே உயிரணு வரிசைகளை உருவாக்கியுள்ளது. அப்பணி பெருக அரசு பொருள் தர வேண்டும். ஆய்வுக்குத் திசு கேட்கும் மருத்துவரைக் கண்டு நம்மவர் அஞ்சி விலகாமல், விளக்கம் பெற்று, விரும்பினால் இசைய வேண்டும். அவ்விளக்கம் அவர்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டாமா? அதனை எழுதித் தருவது தமிழாசிரியரின் கடன். வீடுதோறும் எடுத்துச் செல்வது மாணவரின் கடன். மேடை முழக்கத்துக்குக் கைதட்டுவது எவர் கடனும் அன்று.