இழந்த வெதுப்பியும் அடையச்சும்

முட்டையும் பாலும் அடித்துக் கலந்த கலவையில் தோய்த்து, வெண்ணெய் தடவிச் சுட்டெடுக்கும் வெதுப்பித் துண்டுக்கு (கடைவழக்கில் உரொட்டி எனப்படுவதையே ஈண்டு வெதுப்பி என்கின்றோம்) ஆங்கிலர் இட்ட பெயர் 'பிரெஞ்சு டோசுட்டு'. பிரான்சு நாட்டு அடுக்களையில் அப்பெயர் செல்லாது. அங்கே அதன் பெயர் 'பேன் பெர்தூ'. அஃதாவது 'இழந்த வெதுப்பி'. உலர்ந்து இறுகி, இனி உண்ண ஆகாதென்று கைவிட்ட துண்டை மீட்டெடுக்கும் உணவு என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது. செருமானியர் அதனை 'ஏழை மறவர்' என்பர். ஆங்கிலர்க்கும் 'விண்சரின் ஏழை மறவர்' என்றொரு பழம்பெயர் உண்டு. வறுமையை ஒளிக்காத பெயர்கள் இவை. இவற்றையெல்லாம் விடுத்து, செய்முறையையும் பொருளையும் ஒருசேர மறைக்கும் நாட்டுப் பெயரொன்றை உலகம் பற்றிக்கொண்டதே என்பதுதான் எம் வருத்தம்.

உணவும் பிரான்சில் தோன்றியதன்று. அப்பீசியசு என்பார் பெயரால் வழங்கும் பழைய உரோமச் சமையல் நூலில், வெதுப்பியின் மேலோட்டைச் சீவிப் பெருந்துண்டுகளாகப் பிட்டுப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்துத் தேன் பொழிந்து படைக்குமாறு கூறப்பட்டுள்ளது. முட்டை அங்கில்லை. 1660-இல் இராபர்ட்டு மே என்னும் ஆங்கிலச் சமையல் வல்லுநர் வெளியிட்ட நூலில் 'பிரெஞ்சு டோசுட்டு' என்ற தலைப்பே காணப்படுகின்றது. அங்கோ பாலுமில்லை, முட்டையுமில்லை! பிரெஞ்சு வகை வெதுப்பியை வாட்டி, தேறலில் ஊறவைத்து, சருக்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்ப்பதே அது. பண்டம் வேறு, பெயர் மட்டும் ஒன்று.

இதனை 'வாஃபிள்' சுடும் கருவியில் இட்டு வேகவைத்துக் காலையுணவாக உண்ணும் வழக்கம் அமெரிக்க இல்லங்களில் உண்டு. கீலால் பிணைத்த இரண்டு தகடுகள். உட்புறம் முழுதும் கட்டங்கட்டமாய் மேடும் பள்ளமும். அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கு மாநிலத்துத் திராய் நகரினரான கார்னேலியசு சுவார்ட்டவுட்டு, ஆண்டு 1869. சொல்லோ தச்சு மொழியினது. நெய்தலையும் தேன்கூட்டையும் குறிக்கும் செருமானியக் குடும்பச் சொற்களோடு உறவுடையது என்பர் சொல்லாய்வார். நம் மொழியில் தேனீ கட்டுவதும் அடை. தாய் கல்லில் வார்ப்பதும் அடை. இரு மொழிக்கும் உறவு கற்பிக்க முனையவில்லை யாம். பொருத்தங் கண்டு மகிழ்ந்தோம், அவ்வளவே. ஆகலின் அக்கருவியை அடையச்சு என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். (அமெரிக்கர் 'பெல்சிய வாஃபிள்' என்று கொண்டாடுவதைப் பெல்சியத்தார் அப்பெயரால் அறியார், பிரசெல்சு அடை, இலியேசு அடை என ஊர்ப்பெயரால் பிரித்தே வழங்குவர்.)

தோசைக்கல்லிலேயே வேகுமே, அச்செதற்கு என்று வினவுவார் உளர். கல்லில் ஒரு நேரத்தில் ஒரு பக்கமே வேகும். புறம் சிவந்தும் அகம் சொதசொதவென்று நிற்கும். திருப்பும்போது துண்டு பிய்ந்துபோவதும் உண்டு. அச்சிலோ மேலும் கீழும் ஒருங்கே சூடேறுகின்றது. முட்டை இறுகுதற்கு 70 பாகை அளவிலான சூடு போதும்; சிவந்து மணம் பிறத்தற்கோ ஏறத்தாழ 140 பாகை வேண்டும். அச்சின் மேடு அழுந்திய இடமெல்லாம் முறுகிச் சிவக்கும். அழுந்தாத கட்டங்கள் மெத்தென்றிருந்து பின்னர் ஊற்றும் தேனை ஏந்திக்கொள்ளும். தட்டைக் கல்லில் சுட்ட துண்டிலிருந்து தேன் வழிந்தோடுவதைக் கண்டவர்க்கு இதன் அருமை விளங்கும்.

நான்கு துண்டுக்கு இரண்டு முட்டை, அரைக் குவளைப் பால், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது இலவங்கப்பட்டைத் தூள். ஒவ்வொரு பக்கமும் அரை மணித்துளி தோய்த்து, வடியவிட்டு, வெண்ணெய் தடவிய சூடான அச்சில் இடுக. மூடியை அழுத்தற்க, அழுத்தினால் கலவை பிதுங்கி வழியும். நான்கைந்து மணித்துளியில் ஆவி அடங்கும், அப்பொழுது திறக்கலாம். கலவையில் சருக்கரையை அள்ளிப் போட்டால் கட்டந்தோறும் கரிந்து ஒட்டிக்கொள்ளும். இனிப்பை வெந்தபின் சேர்ப்பதே அறிவுடைமை. இனிப்பு விரும்பாதார் மிளகு தூவிக்கொள்க.

இவை அனைத்தினும் தலையாயது வெதுப்பி பழையதாயிருத்தல். நாட்படும்போது அதன் மாப்பொருள் மீண்டும் இறுகுகின்றது. அவ்விறுக்கமே பாலைக் குடித்தும் குலையாமல் நிற்கும் வலிமையைத் துண்டுக்குத் தருகின்றது. புதியது பாலில் குழைந்து அச்சின் பள்ளந்தோறும் அப்பிக்கொள்ளும். பின் ஊசியால் கிளறியெடுக்க வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு அமெரிக்காவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இவ்வுணவுக்கென்றே மருமகன் கடைக்குப் போய் நெய்ப்பசை மிகுந்த புது வெதுப்பி வாங்கி வந்தார். குப்பைக் கூடையைத் திறந்தேன். மூன்று நாளைக்கு முன் வாங்கிய வெதுப்பி பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. பூசணம் ஒரு புள்ளியும் இல்லை. இழந்ததை மீட்கவென்று ஏழையர் கண்ட உணவுக்காக, நல்லதை இழந்துவிட்டுப் புதியதை வாங்குவதா? உணவகங்களும் இதையே செய்கின்றன. புதுவெதுப்பி, மேலே பழக்குவியல், பாலேட்டுக் குன்று, பின்பு அதற்கேற்ற விலை! பெயரிலே 'இழந்த' என்னும் சொல் நின்றிருந்தால் இம்மயக்கம் இவ்வளவு எளிதில் நேர்ந்திராது என்பதே எம் துணிபு.

அன்று நான் எதுவும் கடிந்து சொல்லவில்லை. பிரெஞ்சுப் பெயரின் பொருளை மட்டும் பெயரனுக்குச் சொன்னேன். அடுத்த கிழமை அவன் வெள்ளிக்கிழமையே நான்கு துண்டுகளை எடுத்துத் தட்டில் பரப்பி, எவரும் தொடக்கூடாதென்று அடுப்பங்கரை மேடையில் காயவைத்துவிட்டான். ஞாயிறன்று அச்சில் ஒரு துணுக்கும் ஒட்டவில்லை.