லேகிய வியாபாரமும் 'ஆண்மைக் குறைவு' என்கிற பொய்யும்

சென்ட்ரலில் ஏறி வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று மின்சார ரயிலில் போய்வருகிற யாரும் அந்த ஸ்டிக்கரைப் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? சிறு வயதுத் தவறான பழக்கமா? கீழே ஒரு செல்போன் நம்பர். காலேஜ் பசங்க அதைச் சத்தமாக வாசித்துச் சிரிப்பார்கள். அதே பெட்டியில் சிரிக்காத ஒருவர் இருப்பார். நம்பரை மனசுக்குள் குறித்துக்கொள்கிறவர் அவர்தான்.

முதல் விஷயம், இந்த விளம்பரமே சட்டவிரோதம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாகவோ, உடலுறவுத் திறனைக் கூட்டுவதாகவோ பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. பேச்சுரிமை பறிபோகிறது என்று ஹம்தர்த் தவாகானா உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. இப்படிப்பட்ட விளம்பரம் வியாபாரம்தான், பேச்சுரிமைப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது என்று அப்போதே தீர்ப்பாகிவிட்டது. சட்டம் வந்து எழுபது வருடம் தாண்டியாச்சு. ஸ்டிக்கருக்கும் கிட்டத்தட்ட அதே வயசு இருக்கும் போல.

சரி, அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள் மக்களே. கண் பார்வை மங்கினால் பார்வைக் கோளாறு. காது கேட்காவிட்டால் காது கோளாறு. இதற்கு மட்டும் ஆண்மைக் குறைவு! உறுப்பில் வந்த கோளாறை ஆளின் மேல் ஏற்றிவிட்டார்கள். தைரியம், கௌரவம், குடும்பத் தலைவன் என்கிற பட்டம் எல்லாம் சேர்த்துக் குறைந்துபோன மாதிரி ஒரு சொல். விறைப்புக் கோளாறு என்று சொன்னால் பாதி பயம் போய்விடும். லேகியக்காரருக்குப் பாதி வியாபாரமும் போய்விடும், அதனால் அவர் சொல்ல மாட்டார்.

உண்மையில் நடப்பது என்ன? மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். தசை தளரும், குழாய் விரியும், ரத்தம் நிரம்பும், நிரம்பிய ரத்தம் வெளியேறாதபடி சிரைகள் அழுந்தும். அவ்வளவுதான். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயில் இப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 1998-ல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவில் வயாகராவுக்கு அனுமதி கிடைத்தது. நெஞ்சு வலிக்காக ஆராய்ந்த மருந்து அது, வழி மாறி இங்கே வந்து சேர்ந்தது.

ஆக, இந்தக் குழாயைக் கெடுப்பது எதுவோ அதுதான் நோய்க்குக் காரணம். சர்க்கரை, பிரஷர், சிகரெட், கொழுப்பு, குடி. சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூட. இளவயதில் என்றால் பெரும்பாலும் பயம். முதலிரவில் ஒரு தடவை சொதப்பியதும் "மறுபடியும் ஆகிடுமோ" என்ற பதட்டத்தில் அட்ரினலின் ஏறி ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். காலையில் தூங்கி எழும்போது சரியாக இருந்து, மனைவியிடம் மட்டும் முடியவில்லை என்றால் சிக்கல் மனசில் இருக்க வாய்ப்பு அதிகம். சுய இன்பம்? இதில் அதற்குப் பங்கே இல்லை. விந்து போனால் உயிர் போகும் என்கிற பயத்தையே டாக்டர் விக் 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்து விவரித்தார்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயைவிட மெல்லியது. அடைப்பு முதலில் சின்னக் குழாயில்தான் தெரியும். நாற்பது, ஐம்பது வயதில் விறைப்பு குறைகிறது என்றால் சில வருடம் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்த ஆள் போக வேண்டிய இடம் ஈசிஜி எடுக்கிற இடம். ஆனால் அவர் போவது மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் முகாம் போடுகிறவரிடம்.

அந்த வியாபாரத்தின் கணக்கு ரொம்ப எளிது. சரக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது, பில் கிடையாது, குணமாகவில்லை என்றால் புகார் கொடுக்க ஒரு ஆளும் வர மாட்டார். கன்ஸ்யூமர் கோர்ட்டில் போய் "எனக்கு லேகியம் வேலை செய்யவில்லை" என்று எவர் நிற்பார்? வாடிக்கையாளரின் வெட்கம்தான் இவர்களுடைய மூலதனம், வட்டி கட்டவே வேண்டாத மூலதனம்.

சில சமயம் லேகியம் நிஜமாகவே வேலை செய்யும், ஆபத்தே அப்போதுதான். மூலிகை என்று விற்பதில் சில்டெனாஃபிலைப் பொடித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கும், உயிரே போகலாம். அந்த மருந்தின் ஜெனரிக் மாத்திரை டாக்டர் சீட்டோடு மெடிக்கல் ஷாப்பில் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான் கொடுமை. மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு ஊசி, வெற்றிட பம்ப், அறுவை சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. மனசு காரணமென்றால் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து கவுன்சிலிங்.

லேகியக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, கண்ட நேரத்தில் பரோட்டா தின்று, நாற்பதில் சர்க்கரை வாங்கியவர்களும் அதில் உண்டு. சர்க்கரைக்குக் கண்ணைப் பார்க்கிறார்கள், காலைப் பார்க்கிறார்கள், கிட்னியைப் பார்க்கிறார்கள். இதை மட்டும் கேட்பதில்லை. டாக்டர் கேட்க மாட்டார், நோயாளி சொல்ல மாட்டார். நடுவில் வீட்டில் குழந்தை இல்லை என்று பழி வாங்குகிறவள் அந்த வீட்டுப் பெண். அவளைத்தான் முதலில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போவார்கள், பரிகாரம் சுற்றச் சொல்வார்கள்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். மாத்திரை கொண்டுவருகிற பெண் தன்னார்வலர் இதை எப்படிக் கேட்பார் என்றால், அவர் கேட்கவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்க்கும் நோயாளி அட்டையில் கால் மரத்துப்போகிறதா என்பதற்குக் கீழே இன்னொரு கேள்வியை அச்சடித்தால் போதும். கேட்டால் கலாச்சாரம் கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒரு ஞாபகம். மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பேசினார். வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டாவது பார்த்தார்கள்.