கட்டி என்னும் ஒற்றைச் சொல்

சென்ற வாரம் பொத்தேரியில் இறங்கி எங்கள் மூத்த நண்பரைக் காணச் சென்றிருந்தோம். பெருங்குடலில் இருந்த கட்டியொன்றை அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அகற்றியிருந்தார்கள். திசு ஆய்வில் புற்று இல்லை என்று வந்திருந்தது. வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. "இதற்காகவா இரண்டு வருடம் பயந்தேன்?" என்றார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

மலத்தில் இரத்தம் கண்டதும் மூலம் என்று தாமே முடிவுசெய்து துத்திக்கீரை தின்றார். 'கட்டி இருக்கலாம், குழாய் விட்டுப் பார்ப்போம்' என்று மருத்துவர் சொன்னபோது, அவர் காதில் விழுந்தது புற்றுநோய் என்றுதான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

சிகிச்சையோ எளியது. காமிரா பொருத்திய நெகிழ்குழாயை ஆசனவாய் வழியே செலுத்துகிறார்கள். தேவைப்பட்டால் கட்டியின் அடியில் உப்புநீர் ஏற்றி அதை மேலெழும்பச் செய்து, கம்பிச் சுருக்கை மாட்டி மின்சாரத்தால் அறுத்தெடுக்கிறார்கள். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் பெருங்குடலில் தொடங்கிவைத்த முறை இது. இரத்தப்போக்கோ, குடலில் துளை விழுவதோ அரிதாக நேரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை இத்தகைய தீங்கற்ற வளர்ச்சிகளிலிருந்தே, ஏறத்தாழப் பத்தாண்டு அவகாசத்தில் உருவாகின்றன. எல்லாமே அப்படி மாறுவதில்லை. எது மாறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் அகற்றிவிடுகிறார்கள். நமது அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் குறிவைப்பது. பெருங்குடலைப் பொறுத்தவரை நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

அவர் ஏன் சொல்வதில்லை? கூச்சம் பாதி, சொல் பாதி. அடங்காப் பசிநோய்க்கு யானைத்தீ என்று பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. இன்றோ, முதுகில் திரளும் கொழுப்புக்கும் குடலில் வளரும் புற்றுக்கும் பேச்சில் ஒரே சொல்: கட்டி. இதில் மருத்துவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. நாம் எழுதும் கதைகளில் வயிறு பெரும்பாலும் பசிக்க மட்டுமே செய்கிறது. கட்டி வந்துவிட்டாலோ பாத்திரம் இறந்தே தீர வேண்டும். கட்டியை எடுத்துவிட்டு, மறுநாள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கிற ஒருவரைப் பற்றியும் நாம் எழுதியிருந்தால், எங்கள் நண்பர் இரண்டு வருடம் முன்பே ரயிலேறியிருப்பார் என்றே தோன்றுகிறது.