வெயிலூரில் ஒரு சவுனா: தேவையா, தெண்டச் செலவா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளில் ஒரு எளிய சோதனை உண்டு. குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் சின்னதாக ஒரு துண்டை வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டுப் பார்ப்பார்கள். துண்டு சுருங்காமல் அப்படியே இருந்தால் தோல் நன்றாகப் பதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சுருண்டுவிட்டால் இன்னும் வேலை பாக்கி. பதனிடாத பச்சைத் தோலோ 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிப் போகும்.

மனிதத் தோலும் பச்சைத் தோல்தான், அதே கொலாஜன்தான். அப்படியிருக்க, ஃபின்லாந்துக்காரர்கள் 80, 90 டிகிரி சூட்டில் மரப்பலகை மேல் உட்கார்ந்து சாவகாசமாகக் கதை பேசுகிறார்களே, அது எப்படி? அந்த அறையின் காற்று உலர்ந்தது. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிறது, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வெளியே காற்று 80 டிகிரியில் இருந்தாலும் தோலின் சூடு 40ஐ ஒட்டியே நிற்கிறது. தண்ணீர் அளவுக்குக் காற்று சூட்டைக் கடத்துவதும் இல்லை. சவுனா என்கிற மர அறையின் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பாலாற்றுக்கு இந்தப் பக்கம், காட்பாடியில், புது வீடு கட்டும் சிலருக்கு இப்போது இந்த ஆசை வந்திருக்கிறது. தோல் வியாபாரத்துக்காக ஜெர்மனி, இத்தாலி என்று போய் வந்தவர்கள், பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலை பார்ப்பவர்கள், யூடியூப் பார்த்தே முடிவெடுத்தவர்கள் என்று பல ரகம். கேள்விப்பட்டதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: சிரிப்பது. "கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் போய் நின்றால் போதாதா? காசு கொடுத்து வேறு வேக வேண்டுமா?"

ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியான வாதம் இல்லை. மே மாத மொட்டை மாடியில் நிற்பவர் எப்போது வெளியே வருவது என்று தீர்மானிக்க முடியாது. இறங்கி வந்தாலும் வீட்டுக்குள் அதே புழுக்கம்தான். சவுனாவில் கால் மணி நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடலாம். ஃபின்லாந்தில் மக்கள் தொகை சுமார் 55 லட்சம், சவுனாக்களோ சுமார் 30 லட்சம். 2020ல் யுனெஸ்கோ அந்த நாட்டுச் சவுனாப் பழக்கத்தைப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. (தமிழ்நாட்டுக்கு ஃபின்லாந்து என்றால் ஒரு காலத்தில் நோக்கியாதான். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை 2014ல் மூடியதோடு அந்த உறவும் போயிற்று.) ஆக, சவுனா வாங்க நினைப்பவர் பைத்தியக்காரர் இல்லை. எந்தக் காரணத்துக்காக வாங்குகிறார் என்பதில்தான் சிக்கல்.

விற்பவர்கள் சொல்லும் முதல் காரணம் எப்போதும் ஒன்றுதான். "உடம்பில் இருக்கிற நச்சு எல்லாம் வியர்வை வழியா வெளியேறிடும் சார்." சில விளம்பரங்களில் கன உலோகம் என்றே போட்டிருப்பார்கள். வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் அப்படிப் போக முடியாது. குரோமியம் என்ற வார்த்தை இங்கே வேதியியல் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996ல் பெரிய தீர்ப்பு கொடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றைக்கும் சட்ட மாணவர்கள் படிப்பது அந்த வழக்கைத்தான். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இப்படி ஒரு இடத்தில், கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நிஜமாகவே பயந்து போயிருக்கும் குடும்பத்திடம், "இந்தப் பெட்டிக்குள் உட்காருங்கள், விஷம் இறங்கிவிடும்" என்று சொல்வது சாதாரண வியாபாரப் பேச்சு இல்லை. பயத்தை விற்பது.

உண்மை என்ன? வியர்வையில் பெரும்பங்கு தண்ணீர், அடுத்தது உப்பு. உலோகங்கள் அதில் துளித்துளியாக இருப்பது நிஜம்தான், ஆனால் உடம்பைச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். உடம்புக்குள் போன குரோமியம் வெளியேறுவதும் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான். வியர்த்து நீர் வற்றினால் சிறுநீர் குறையும். அதாவது நச்சை வெளியேற்றுகிறேன் என்று உட்கார்ந்து, நச்சை வெளியேற்றும் உறுப்புக்கே கஷ்டம் கொடுக்கிற கதை.

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். வியர்வையோடு விஷம் போகும் என்றால், இந்த மாவட்டங்களிலேயே ஆரோக்கியமானவர்கள் யார்? தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழி பக்கமும் டிரம் பக்கமும் நாள் முழுக்க வியர்க்க வியர்க்க நிற்பவர்களாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியா இருக்கிறது? தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது கண்டதும் வெப்ப அழுத்தத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும்தான். வெயிலில் வேலை செய்து வியர்ப்பவருக்கு எழுந்து நிழலுக்குப் போகும் உரிமை இல்லை, குடிக்கத் தண்ணீரும் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. காசு கொடுத்து வியர்ப்பவருக்கு இரண்டும் உண்டு. வித்தியாசம் அங்கேதான்.

எடை குறையும் என்பது அடுத்த புருடா. ஒரு தடவை உட்கார்ந்து வந்தால் அரை கிலோ குறைந்திருக்கலாம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும்.

இதயத்துக்கு நல்லது என்பதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களை சுமார் 20 ஆண்டுகள் கவனித்து, 2015ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 4 முதல் 7 தடவை சவுனாவுக்குப் போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். உடம்பு நன்றாக இருப்பவர்தான் அடிக்கடி போக முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சவுனாவால் ஆயுள் கூடியதா, ஆரோக்கியமானவர்கள் சவுனாவுக்குப் போனார்களா என்று அந்த மாதிரி ஆய்வு மட்டும் முடிவாகச் சொல்லிவிடாது.

சரி, மருந்து என்று இல்லாமல் சுகத்துக்காகவே ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பே இல்லை. அப்போது கேட்க வேண்டியது பி.காம். முதலாம் ஆண்டுக் கேள்வி: ஒரு தடவைக்கு எவ்வளவு?

இரண்டு பேர் உட்காரும் அறை, ஹீட்டரோடு ஒன்றரை லட்சம். வயரிங், தரை, மற்ற வேலைக்கு 30,000. மொத்தம் 1,80,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் உழைக்கும் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 18,000. அதே பணத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி 12,600. (இந்த வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.) பராமரிப்பு 2,400. ஆக வருடத்துக்கு 33,000. வாரம் மூன்று தடவை, அதாவது வருடம் 150 தடவை உபயோகித்தால் ஒரு தடவைக்கு 220 ரூபாய். ஆரம்ப ஆர்வம் தீர்ந்து வருடம் 30 தடவை என்று குறைந்தால் 1,100 ரூபாய். இரண்டாவது கணக்குதான் நடக்கும் என்று சந்தேகப்படுபவர்கள், வீட்டில் துணி காயப்போடும் எக்சர்சைஸ் சைக்கிளை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது :-)

மின்சாரம் பயப்படும் அளவுக்கு இல்லை. 4.5 கிலோவாட் ஹீட்டர் சூடேற 40 நிமிடம், அப்புறம் விட்டுவிட்டு ஓடும் அரை மணி நேரம், மொத்தம் சுமார் 4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 32 ரூபாய்தான். ஆனால் வாரம் மூன்று தடவை என்றால் இரண்டு மாத பில்லில் 104 யூனிட் ஏறும். அரசு தரும் 100 இலவச யூனிட் அப்படியே இதற்குப் போய்விடும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறையும். அது தனி அடி.

எதை வாங்குவது? கல் அடுக்கிய மின் ஹீட்டர் வைத்தது ஒரிஜினல். கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் என்பது பொதுக்கணக்கு. இன்ஃப்ராரெட் பெட்டி 45 முதல் 60 டிகிரிதான் போகும். சாதாரண 16 ஆம்ப் பிளக்கில் ஓடிவிடும், செலவும் பாதிக்குக் குறைவு. ஆனால் ஃபின்லாந்து ஆய்வைக் காட்டி அதை விற்றால் நம்ப வேண்டாம், அந்த ஆய்வு இதைப் பற்றியது இல்லை. நீராவி அறை வேறு ஜாதி. அதில் காற்று நனைந்து கிடப்பதால் வியர்வை ஆவியாகாது, 45 டிகிரியே மூச்சு முட்டும். தலை மட்டும் வெளியே தெரிய உட்காரும் கூடாரம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது போதும். கொதிநீர்ப் பாத்திரம் காலில் கவிழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பொருத்தும்போது தச்சரைவிட எலெக்ட்ரீஷியன் முக்கியம். வீட்டு இணைப்பு ஒற்றை ஃபேஸாக இருந்தால் 4.5 கிலோவாட் தாங்காது, மூன்று ஃபேஸ் கேட்க வேண்டிவரும். தனி சர்க்யூட், கசிவு மின்சாரத்துக்கு டிரிப் ஆகும் சுவிட்ச், நல்ல எர்த் மூன்றும் கட்டாயம். சாதாரண பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது. அறைக்குள் போகும் பகுதிக்கு சூடு தாங்கும் சிலிக்கான் வயர் வேண்டும். உள்ளே பலகைக்கு வார்னிஷ் அடித்தால் அந்த வாசனையைத்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும். ஆணித் தலை வெளியே தெரிந்தால் முதுகில் சூடு போட்டுவிடும். கதவு வெளிப்பக்கம் தள்ளினால் திறக்க வேண்டும், தாழ்ப்பாளே கூடாது. இந்த ஊரில் இன்னொன்றும் உண்டு, கரையான். மரச்சட்டம் தரையைத் தொடாமல் நிற்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் காட்பாடியில் ஒரு பாதி குறையும். குளிர்ச்சி. சவுனா என்பது சூடு பாதி, அப்புறம் ஆறுவது பாதி. அங்கே வெளியே வந்தால் ஏரி, பனி. இங்கே மே மாதம் மத்தியானம் ஷவரைத் திறந்தால் மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து வருவது காபி போடும் பதத்தில் இருக்கும். உடம்பு எங்கே ஆறும்? அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவு வேளைதான் நிஜமான சீசன். மற்ற மாதங்களில் விடிவதற்கு முன், தரைத் தொட்டித் தண்ணீரை முந்தின இரவே பிடித்து வைத்துக்கொண்டு. வருடம் 150 தடவை என்ற கணக்கு இங்கேதான் ஆட்டம் காண்கிறது.

உபயோகிப்பதில் வீரம் காட்டக் கூடாது. 2010ல் ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் நடந்த உலகப் போட்டியில் 110 டிகிரியில் யார் அதிக நேரம் உட்காருவது என்று போய், ரஷ்யப் போட்டியாளர் ஒருவர் இறந்தார், உள்ளூர் சாம்பியன் பலத்த தீக்காயத்தோடு பிழைத்தார். அதோடு போட்டியே நின்றது. முதல் தடவை ஐந்து, பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே வெளியே. குடித்துவிட்டுப் போகவே கூடாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

பழைய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. சளி பிடித்தால் நொச்சி இலை போட்ட பானை, மேலே ஒரு கம்பளி. சித்த மருத்துவம் இதை வேது என்கிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அண்டா வெந்நீரும் தனி. அதையும் அளவு தெரியாமல் கெடுத்தது 2021 கொரோனா அலையில்தான். பொது இடங்களில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்து, கூட்டம் சேர்ந்து, கடைசியில் பொது இடத்தில் வேண்டாம் என்று சுகாதார அமைச்சரே சொல்ல வேண்டிவந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். வேலூரிலோ சென்னையிலோ சவுனா வைத்திருக்கும் ஜிம்மில் இரண்டு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, போன நாட்களை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். ஒரு மாதம் டிசம்பர், இன்னொன்று ஏப்ரல். இரண்டிலும் உள்ள வட்டங்களைக் கூட்டி ஆறால் பெருக்கி, 33,000ஐ அந்த எண்ணால் வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தச்சரைக் கூப்பிடலாம்.